வீக்கத்தின் காரணம் தெரியாமல் நிணநீர் மசாஜுக்குப் போகலாமா?

ஒரு கையின் புறங்கையில் மறுகையின் இரண்டு விரல்களைத் தட்டையாக வைத்து, அழுத்தாமலும் தேய்க்காமலும், விரல்களுக்கடியில் இருக்கும் தோல் மட்டும் சற்றே நகரும்படி மணிக்கட்டை நோக்கி மெதுவாக இழுத்து, பிறகு தளர்த்திப் பாருங்கள். இழுபட்ட தோல் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நிணநீர் மசாஜ் என்று சொல்லப்படும் சிகிச்சையின் அடிப்படை அசைவு ஏறக்குறைய இவ்வளவுதான். உடம்பை நன்றாகப் பிடித்துவிடுவார்கள், இறுகிக் கிடக்கும் தசைகள் இளகும் என்று எதிர்பார்த்து முதன்முறை போகிறவர்கள், இவ்வளவு லேசாகத் தொட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஐயப்படுவது இயல்பு. மறுபக்கம், அதே தொடுகை எடையைக் குறைக்கும், நஞ்சை வெளியேற்றும், முகத்தை ஒரே நாளில் மெலிய வைக்கும் என்று விளம்பரங்கள் அடித்துச் சொல்கின்றன. அந்த ஐயமும் தவறு, இந்த வாக்குறுதியும் தவறு. இந்தச் சிகிச்சையால் உண்மையிலேயே பயனடையக்கூடியவர்கள் இருக்கிறார்கள்; இதை நாடவே கூடாத நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் பிரித்தறிய, தோலுக்கடியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது அதிலுள்ள நீரில் ஒரு பகுதி குழாய்ச் சுவரைக் கடந்து திசுக்களுக்குள் கசிகிறது. பாடநூல்கள் வழக்கமாகத் தரும் கணக்குப்படி, ஒரு நாளில் இப்படிக் கசியும் ஏறக்குறைய 20 லிட்டரில் 17 லிட்டர் ரத்த நுண்குழாய்களுக்கே திரும்பிவிடுகிறது. மிஞ்சும் 3 லிட்டரளவு நீரும் அதோடு சேர்ந்து கசிந்த புரதங்களும் நிணநீர்க் குழாய்களின் வழியாகத்தான் ரத்தத்தைச் சென்றடைய வேண்டும். புரதங்களுக்கு வேறு வழி இல்லை என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிணநீர்ப் பாதை அடைபட்டாலோ வெட்டுப்பட்டாலோ புரதம் திசுக்களிலேயே தங்கி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாளடைவில் அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் சேர்ந்து, விரலால் அழுத்தினால் குழி விழும் மென்மையான வீக்கம் அழுத்தினாலும் குழி விழாத கடினமான வீக்கமாக மாறிவிடுகிறது.

நிணநீரை முதலில் வாங்கிக்கொள்ளும் குழாய்கள் தோலுக்கு மிக அருகே, மெல்லிய சுவரோடு, ஒரு முனை மூடியவையாகத் தொடங்குகின்றன. அவற்றின் சுவரில் உள்ள செல்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. சுற்றியுள்ள திசுவோடு அவற்றைப் பிணைக்கும் மெல்லிய இழைகளும் இருக்கின்றன. தோல் இழுபடும்போது அந்த இழைகள் செல்களின் விளிம்பைத் தூக்குவதால் வாய் திறந்து நீர் உள்ளே நுழைகிறது; தோல் தளரும்போது வாய் மூடிக்கொள்கிறது. இழுத்துத் தளர்த்தும் அந்த மெல்லிய அசைவுக்கு இதுவே காரணம். தசை வரை எட்டும்படி ஆழமாக அழுத்தினால், இந்த மேல்தளக் குழாய்கள் நசுங்குமே தவிரத் திறக்கமாட்டா. அதனால்தான் எண்ணெயை வழிய விட்டுத் தேய்ப்பதும் இதற்குப் பொருந்துவதில்லை. கை வழுக்கிக்கொண்டு போனால் தோல் நகராது.

உள்ளே புகுந்த நீர் பெரிய குழாய்களை அடைந்ததும், அந்தக் குழாய்களே சிறுசிறு பகுதிகளாகச் சுருங்கி விரிந்து அதை முன்னே தள்ளுகின்றன. திரும்பி வழியாமல் இருக்க ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் ஒருவழிக் கதவு போன்ற வால்வு உண்டு. ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல நிணநீருக்கென்று தனியாக ஒரு பம்ப் கிடையாது. குழாயின் சொந்தச் சுருக்கத்தோடு, நடக்கும்போது தசைகள் கொடுக்கும் அழுத்தமும் மூச்சு விடும்போது மார்புக்குள் மாறும் அழுத்தமும் சேர்ந்து அதை நகர்த்துகின்றன. வழியில் அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் அதை வடிகட்டுகின்றன. தொண்டையிலோ காலிலோ கிருமி தொற்றும்போது, நெறி கட்டியிருக்கிறது என்று நாம் தடவிப் பார்ப்பது இந்தக் கணுக்களைத்தான். கடைசியில் நிணநீர் முழுவதும் காரை எலும்புகளுக்குப் பின்னால், கழுத்தின் அடியில் உள்ள பெரிய சிரைகளில் கலக்கிறது. வலது கை, தலையின் வலப்பக்கம், மார்பின் வலப்பக்கம் ஆகியவற்றின் நீர் வலப்புறமாகவும், உடலின் மற்றெல்லாப் பகுதிகளின் நீரும் இடப்புறமாகவும் போய்ச் சேர்கிறது. காலில் வீக்கம் என்று சொல்லி வந்தவருக்குச் சிகிச்சையாளர் கழுத்தில் கை வைத்துத் தொடங்கினால் அது தவறு அல்ல. வாய்க்காலின் கடைமடையை முதலில் திறந்துவிட்டுப் பிறகு மேலே வருவதுபோல, நீர் போய்ச் சேரவேண்டிய இடத்தை முதலில் தயார் செய்துவிட்டுத்தான் வீங்கிய பகுதிக்கு வருவார்கள்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, இரை தின்று சிறிது நேரமே ஆன நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றிப் பால் போன்ற வெள்ளைக் குழாய்கள் ஓடுவதைக் கண்டார். உணவின் கொழுப்பைச் சுமந்துகொண்டிருந்த நிணநீர்க் குழாய்கள் அவை. கை கால் வீக்கத்தைக் கையால் நீவியும், உயர்த்தி வைத்தும், கட்டுப்போட்டும் குறைக்கலாம் என்பதை 1892-இல் ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் எழுதினார். இன்று நாம் காணும் மெல்லிய அசைவுகளை வகுத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும். பிரான்சின் கான் நகரில் பணியாற்றிய காலத்தில், தீராத சளியோடும் கழுத்தில் கட்டிய நெறியோடும் வந்தவர்களைத் தொட்டு நீவியதிலிருந்து அவர்கள் இந்த முறையை உருவாக்கினார்கள். நெறி கட்டிய இடத்தைக் கையால் தொடவே தயங்கிய காலம் அது. 1936-இல் பாரிஸில் அதை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்த அறிமுகம் நிகழ்ந்தது ஓர் ஆரோக்கிய, அழகுக் கண்காட்சியில். மருத்துவமனையிலும் அழகு நிலையத்திலும் ஒரே பெயரில் இந்த மசாஜ் வழங்கப்படுவதால் இன்று எழும் குழப்பத்தின் வேர் அங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவப் பக்கத்தில் இதற்கு உறுதியான இடம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை அகற்றியவர்களுக்கும், அவ்விடத்தில் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும் சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பீடு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இவ்வாறு நேர்வதாகக் கண்டது. பிறவியிலேயே நிணநீர்க் குழாய்கள் குறைபாட்டுடன் அமைந்தவர்களும் உண்டு. கொசுக்களால் பரவும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களைச் சிதைப்பதால் வரும் யானைக்கால் நோய், உலக அளவில் இவ்வகை வீக்கத்துக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. இத்தகையவர்களுக்கு இன்று பரிந்துரைக்கப்படுவது மசாஜ் மட்டுமல்ல. ஜெர்மனியில் மைக்கேல் ஃபோல்டியும் எடெல்கா ஃபோல்டியும் நிலைநிறுத்திய கூட்டுச் சிகிச்சையில் நான்கு அங்கங்கள் உள்ளன. தோல் பராமரிப்பு, கையால் செய்யும் நிணநீர் வடிப்பு (இந்த மசாஜ்தான்), பல அடுக்குகளாகச் சுற்றும் அழுத்தக் கட்டு, கட்டு இருக்கும்போதே செய்யும் உடற்பயிற்சி ஆகியவை அவை. முதல் சில வாரங்கள் ஏறக்குறைய நாள்தோறும் சிகிச்சை நடக்கும். வீக்கம் வற்றியதும் அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையை அணிந்துகொண்டு, மீதியை வீட்டில் தாமே தொடர வேண்டும்.

இந்த நான்கில் மசாஜின் பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி. மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கம் குறித்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 208 பேர் பங்கேற்ற ஆறு ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அழுத்தக் கட்டு மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கே வீக்கம் 30 முதல் 38.6 விழுக்காடு வரை குறைந்திருந்தது; மசாஜைச் சேர்த்துச் செய்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 விழுக்காடு. மசாஜ் பாதுகாப்பானது, லேசான முதல் நடுத்தர வீக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதல் பயன் தரலாம் என்பது அதன் முடிவு. எனவே சுமையை முதன்மையாகத் தாங்குவது கட்டுதான். கட்டோ உறையோ இல்லாமல் மசாஜ் மட்டும் செய்துகொண்டு வந்தால், மேசையில் படுத்திருந்தபோது நகர்ந்த நீர் எழுந்து நடமாடிய சில மணி நேரத்திலேயே பழைய இடத்தில் மீண்டும் கோத்துக்கொள்கிறது. நிணநீர் வீக்கம் என்று மருத்துவர் உறுதிசெய்த ஒருவருக்கு அழுத்த உறையைப் பற்றிப் பேசாமலேயே மசாஜுக்கு மட்டும் தேதி கொடுக்கும் நிலையத்தை நான் நம்பமாட்டேன்.

அழகுக்காகவும் உடல் மெலிவதற்காகவும் இதை நாடுகிறவர்கள் அறிய வேண்டிய உண்மை ஒன்று, மேலே சொன்ன உடலமைப்பிலேயே இருக்கிறது. நிணநீர் உடலை விட்டு வெளியே போவதில்லை, ரத்தத்துக்கே திரும்புகிறது. கழிவுகளைப் பிரித்து அனுப்பும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் மசாஜ் இல்லாமலேயே இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. அசெல்லி கண்ட வெள்ளைக் குழாய்கள் கொழுப்பைச் சுமந்தது உண்மைதான், ஆனால் அவை அதை உடலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பவை. இடுப்பிலோ தொடையிலோ படிந்திருக்கும் கொழுப்பைக் கையால் நகர்த்தி நிணநீரில் கலக்கச் செய்ய முடியாது. மசாஜ் முடிந்ததும் இடுப்புச் சுற்றளவு குறைந்ததாகக் காட்டும் படங்களில் நாம் பார்ப்பது, பெரும்பாலும் இடம் மாறிய நீரைத்தான். அரை லிட்டர் நீர் அரைக் கிலோ எடை, அவ்வளவே. காலையில் உப்பியிருக்கும் முகம் மெல்ல நீவிவிட்டால் சற்று வடிவதும் இதே கதைதான். எழுந்து சிறிது நேரம் நடமாடினாலும் அது வடியும். உடல் தளர்ந்து மனம் அமைதியாகிறது, நல்ல உறக்கம் வருகிறது என்பதற்காகப் போகிறவர்களைத் தடுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் போகிறோம் என்ற தெளிவோடு போனால் போதும்.

இனி, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு வருவோம். வீக்கம் ஏன் வந்தது? இந்த மசாஜில் தொடுகையால் நேரும் கேட்டைவிட, காரணம் கண்டறியப்படாத வீக்கத்தை மசாஜால் சமாளித்துக்கொண்டு நாள்களைத் தள்ளுவதால் நேரும் கேடே பெரியது. ஒரு காலில் மட்டும், ஓரிரு நாளில், கெண்டைக்கால் வலியோடும் சூட்டோடும் வீக்கம் வந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவுவதால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. இரண்டு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, தலையணைகளை அடுக்கிக்கொண்டு தூங்க வேண்டியிருந்தால், ஓரிரு நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறியிருந்தால், இதயம் திணறுகிறது என்று ஐயப்பட வேண்டும். அந்த நிலையில் கால்களில் தேங்கிய நீரை ரத்தத்துக்குள் தள்ளுவது, ஏற்கெனவே திணறும் இதயத்தின்மேல் மேலும் பாரம் ஏற்றுவதாகும். கருவுற்றவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது பொதுவானதே. ஆனால் முகமும் கைகளும் திடீரென்று வீங்கி, கடுந்தலைவலியோ பார்வை மங்கலோ சேர்ந்தால், அது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியதன் அறிகுறியாக இருக்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, தைராய்டு குறைபாடு, சிரைகளின் வால்வு பழுதாகிக் கால்களில் ரத்தம் தேங்குவது என்று பட்டியல் இன்னும் நீளும். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் நாள்தோறும் விழுங்கும் அம்லோடிபின் மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கலாம் என்பது அதை உட்கொள்ளும் பலருக்குத் தெரிவதில்லை. அங்கே தேவைப்படுவது மசாஜ் அன்று, மருந்தைப் பற்றி மருத்துவரிடம் ஒரு பேச்சு. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் அறிகுறியைச் சொல்கிறேன். கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேற்புறத் தோலை இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான காலில் தோல் மடிப்பாக எழும்பும். தோல் தடித்துப்போய்க் கிள்ளவே வரவில்லை என்றால் நிணநீர் வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதை ஸ்டெம்மர் அறிகுறி என்கிறார்கள். கிள்ள வந்துவிட்டது என்பதற்காக நிணநீர்க் கோளாறு இல்லவே இல்லை என்று முடிவுசெய்துவிடவும் முடியாது, ஏனெனில் தொடக்க நிலையில் இது தெரியாமல் போகலாம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் ஒரே சீராகப் பருத்து, பாதங்கள் மட்டும் இயல்பான அளவில் இருந்து, தொட்டால் வலித்து, லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகிறது என்றால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புத் திசுக் கோளாறாக இருக்கலாம். ஏறக்குறையப் பெண்களுக்கே வரும் இந்தக் கோளாறை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1940-இலேயே விவரித்திருக்கிறார்கள். ஆயினும் இன்றளவும் வெறும் உடற்பருமன் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பலர், அது வருத்தத்துக்குரியது. மசாஜ் அவர்களுடைய வலியையும் பாரத்தையும் தணிக்கலாம், கொழுப்பைக் கரைக்காது.

தற்காலிகமாகத் தள்ளிப்போட வேண்டிய நிலைகளும் உண்டு. தோல் சிவந்து, சூடேறி, அந்தச் சிவப்பு பரவிக்கொண்டே போய், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தால் அது கிருமித்தொற்று. நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரக்கூடியது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்து தொற்று அடங்கும் வரை அங்கே கை வைக்கக்கூடாது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கும், கழுத்துத் தமனியில் அடைப்போ மிகை உணர்வோ உள்ளவர்களுக்கும் கழுத்துப் பகுதியைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களுக்கும், வயிற்றுப் பெருந்தமனி புடைத்திருப்பவர்களுக்கும், அண்மையில் வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கும் வயிற்றுப் பகுதியின் ஆழமான அசைவுகள் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அந்தச் சிகிச்சையை நடத்தும் மருத்துவரின் சம்மதத்தைப் பெற்ற பிறகே போக வேண்டும்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு அறுவைக்குப் பின் இந்த மசாஜைப் பலர் செய்துகொள்கிறார்கள். அறுவை செய்த மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்து, மென்மையாகச் செய்யப்படும்வரை அதில் குறை இல்லை. ஆனால் வடிப்பு என்ற பெயரில், ஆறத் தொடங்கிய தையல் துளைகளை மீண்டும் திறந்து உள்ளிருக்கும் நீரைப் பிழிந்தெடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நிணநீர் மசாஜே அன்று. கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும் செயல். யாராவது அப்படிச் செய்ய முற்பட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல சிகிச்சையாளரை அடையாளம் காண, அவர் கை வைப்பதற்கு முன் என்ன கேட்கிறார் என்பதைக் கவனித்தால் போதும். வீக்கம் எப்போது தொடங்கியது, ஒரு பக்கமா இரு பக்கமா, என்னென்ன அறுவைகள் நடந்தன, எந்தெந்த மாத்திரைகள், இதயம் சிறுநீரகம் எப்படி, ரத்தக்கட்டு முன்பு வந்ததுண்டா, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். சில பதில்களைக் கேட்டதும், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பவும் தயங்கமாட்டார். பயிற்சியைப் பற்றி நாம் கேட்டாலும் கோபப்படமாட்டார். வட அமெரிக்க நிணநீரியல் சங்கம் தன் சான்றிதழ்த் தேர்வுக்கு 135 மணி நேரப் பயிற்சியைக் கேட்கிறது. வார இறுதி ஒன்றில் கற்றுக்கொண்டதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பொதுவான மசாஜில் தேர்ந்தவர் இதிலும் தேர்ந்தவராக இருப்பார் என்று கொள்ள முடியாது. அழுத்திப் பழகிய கைக்கு அழுத்தாமல் இருப்பதுதான் கடினம்.

சிகிச்சை நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். கைகள் மிக மெதுவாக, ஒரே இடத்தில் பலமுறை, ஏறக்குறைய ஒரே தாளத்தில் அசைவதை உணர்வீர்கள். பாதியிலேயே தூங்கிவிடுகிறவர்கள் பலர். அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவராக இருந்தால், வீங்கிய கையின் நீரை அந்த அக்குளை நோக்கித் தள்ளாமல், மார்பைக் கடந்து மறுபக்க அக்குளுக்கோ அதே பக்கத்துத் தொடை இடுக்குக்கோ திருப்பிவிடுவார்கள். வேலை செய்யாத வாய்க்காலை விட்டுவிட்டு வேலை செய்யும் வாய்க்காலைத் தேடும் வழி அது. முடிந்தபின் சிறுநீர் சற்று அதிகமாகப் போகலாம், அசதியாகவும் இருக்கலாம். வலிக்கக்கூடாது. தோல் கன்றிச் சிவந்தாலோ நீலம் பாய்ந்தாலோ, வலித்தால்தான் நீர் நகரும் என்று யாராவது விளக்கம் சொன்னாலோ, அங்கே நடந்தது வேறு ஏதோ மசாஜ்.

பலன் இருக்கிறதா என்பதைக் கண்ணாடியிடம் கேட்காமல் அளவு நாடாவிடம் கேளுங்கள். கணுக்காலுக்கு மேலே இத்தனை சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழே இத்தனை சென்டிமீட்டர் என்று இடங்களைக் குறித்துக்கொண்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில், நாடாவை இறுக்காமல் சுற்றளவை எடுத்து ஒரு தாளில் எழுதிவர வேண்டும். காலைக்கும் மாலைக்கும் கால் தானாகவே மாறும் என்பதால் நேரம் மாறினால் கணக்கும் மாறிவிடும். வீக்கம் இல்லாத பக்கத்தையும் சேர்த்தே அளப்பது நல்லது. இரண்டு மூன்று வாரங்கள் ஆகியும் எண்கள் அசையவில்லை என்றால், அல்லது மசாஜ் முடிந்த மாலையில் குறைந்து மறுநாளே பழைய எண்ணுக்கு ஏறிவிடுகிறது என்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், வீக்கத்தின் காரணத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.